முடியளவு

"கல்லுல துளை போடுவீங்களா?"
என்றார் பிலோமின் சவரிராயன்.
போடுவோம். ஆனால் ஓரத்தில்,
பொன் பிடிக்குள் மறையும் இடத்தில்,
ஒரு முடியளவு.
தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி
விளக்குக்கு நேரே பிடித்தார்.
"இவ்வளவா?"
"இதைவிடக் கொஞ்சம் சின்னது."
முடியை என் படிவத்தின் மேல் வைத்துவிட்டு
மோதிரத்தைக் கழற்றினார்.
சோப்பு தேவைப்பட்டது.

படிவத்தில் ஒரு கட்டம்:
உரிமையாளர் கூறும் பிறப்பிடம்.
'பய்லின், கம்போஜ்' என்று
சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்தில் எழுதினார்.
அப்பா சைகோனில் சிப்பாய்.
ஐம்பத்தொன்றில் திரும்பியபோது அம்மாவுக்கு வாங்கியது.
மலையில் தோண்டி மூன்று நாள்தான் ஆகிறது என்று
கடைக்காரன் சத்தியம் செய்தானாம்.

இப்போது விற்க வேண்டும்.
புயலில் இறங்கிய மாடிக்குத் தேக்கு உத்திரம்.
சென்னையில் வாங்குபவர் கேட்பது ஒன்றுதான்:
எந்த மண்?

அன்று ஆர்கான் வரவில்லை.
சேதராப்பட்டிலிருந்து சிலிண்டர் ஏற்றிய வண்டி
நெல்லித்தோப்பில் பஞ்சராகி நின்றது.
மறுநாள் புஸ்ஸி வீதி முழுக்க மின்சாரம் இல்லை.
மூன்றாம் நாள் சுட்டேன்.

லேசர் தொட்ட இடம் புகையாகும்,
கண்ணுக்குத் தெரியாத புகை.
சுடருக்குள் போனதும்
ஒவ்வொரு அணுவும் தன் எடையைச் சொல்லிவிடும்.
நீலக்கல் என்றால் அலுமினியமும் ஆக்சிஜனும்;
அது எல்லா ஊருக்கும் பொது.
ஊரைக் காட்டிக்கொடுப்பது
வளரும்போது ஒட்டிக்கொண்ட அழுக்கு.

எரிமலைக் குழம்பு சுமந்து வந்த கல்லில்
இரும்பு ஆயிரக்கணக்கில் இருக்கும்,
காலியம் கூடும்,
மக்னீசியம் மருந்துக்குத்தான்.
பய்லின் அந்த ஜாதி.

திரையில் வந்தது:
பத்து லட்சத்தில்
இரும்பு நானூற்றுப் பத்து,
காலியம் அறுபத்தாறு,
மக்னீசியம் நூற்றுப் பதினெட்டு.
கொடுத்த வாக்கை மீறி
இன்னொரு முடியளவும் சுட்டேன்.
எண் அசையவில்லை.

இது குழம்பில் வந்ததல்ல.
மலையை மலை நெருக்கிய காலத்தில்
அழுத்தத்தில் அவிந்து அவிந்து விளைந்தது.
இலங்கை.
அல்லது மடகாஸ்கர்.
எப்போதோ ஒட்டிக் கிடந்த நிலங்கள்;
இன்னும் உறவை மறைக்கத் தெரியவில்லை.

இந்த இடத்தில் வேதியியல் கையை விரித்துவிடும்.
"தேதி போட்ட பழைய காகிதம் ஏதாவது இருக்கா?"
தொலைபேசியில் மூச்சு மட்டும் கேட்டது.

மாலை வந்தார்.
கைப்பையின் உள் ஜிப், அதற்குள் ஒரு பர்ஸ், அதற்குள்
நாலாய் மடித்த அடகுச் சீட்டு.
வைசியாள் வீதி, ஐம்பத்து மூன்று, மார்ச்.
நீலக்கல் மோதிரம் ஒன்று. நாற்பது ரூபாய்.
"என் தம்பிக்கே தெரியாது இது."

மடகாஸ்கர் நீலம் சந்தைக்கு வந்தது
தொண்ணூறுகளில்தான்.
அவர் ஒளித்து வைத்த தாள்
ஒரு தீவையே கழித்துவிட்டது.

"அப்ப, அப்பா சொன்னது?"
எங்கே விளைந்தது என்றுதான் இயந்திரம் சொல்லும்,
எங்கே வாங்கினார் என்று சொல்லாது.
சைகோன் கடையிலும்
இலங்கைக் கல் விற்றிருக்கலாம் என்றேன்.
காதில் வாங்கவில்லை.

"கப்பல் கொழும்புல ரெண்டு நாள் நின்னுச்சு.
மூணு வருஷமா மறந்துட்டு
கொழும்பு வந்தப்புறம்தான்
மனுஷனுக்குப் பொண்டாட்டி ஞாபகம் வந்திருக்கு!"
சிரித்த சிரிப்பில்
கீழ்க்கடைத் தையல்காரர் அண்ணாந்து பார்த்தார்.
சீட்டை மறுபடி நாலாய் மடித்தார்.
"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.
அதான் மொதல்ல இத அடகு வெச்சிருக்காங்க."

மோதிரம் போய்விட்டது.
உத்திரம் ஏறியதாகக் கேள்வி.
கோப்பைப் புரட்டினால்
படிவத்தில் ஸ்டேப்லரோடு மாட்டிக்கொண்ட முடி,
அடியில் நரை, நுனியில் மருதாணி.
அதையும் சுடலாம்.
எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனை மாதம்,
எல்லாம் சொல்லும்.
விண்ணப்பம்தான் வரவில்லை.